கொடிக்கடி

தாரியன் காட்டில் அந்தப் புண்ணுக்குக்
கொடிக்கடி என்று பெயர்.
மணல் ஈ கடிக்கிறது, எச்சிலோடு ஒட்டுண்ணி இறங்குகிறது என்று
யவீசா மருத்துவமனைச் சுவரில் படம் போட்டிருக்கிறார்கள்.
தியோமெதெஸ் படத்தை நின்று பார்த்தான்.
"ஈயை ஒளித்து வைத்திருந்தது யார்? கொடிதானே" என்றான்.
அவன் இடது காதின் விளிம்பில்
காசை வைத்து அழுத்தி எடுத்ததுபோல ஒரு வட்டம்.

இருபது ஊசி. ஆன்டிமனி.
பதினொன்றோடு நிறுத்திவிட்டுப் படகேறிவிட்டான்,
முழங்கால் இரண்டும் வேறு யாருடையதோ போல் வலிக்கிறது என்று.

நான் இலை அரைப்பவள்.
பனாமா நகரத்தில், ஜன்னல் இல்லாத மூன்றாம் மாடி.
திரவ நைட்ரஜன் ஊற்றினால் இலை கண்ணாடியாகும்,
குழவி பட்டதும் நொறுங்கும்.
எத்தனாலில் ஊறவைத்து, வடித்து, வற்றவைத்தால்
குடுவையின் அடியில் மிஞ்சுவது தார்போல ஒரு பச்சை.
அதில் ஊசிமுனை அளவு, ஒரு குழிக்கு.
தட்டுக்குத் தொண்ணூற்றாறு குழிகள்.
ஒவ்வொன்றிலும் வாலை வீசி நீந்துகிறது
அவன் காதைத் தின்கிற கூட்டம்.

ஆறு வருடம் அரைத்தேன். நீந்தின.

பிறகு பை எண் 618.
தியோமெதெஸே வெட்டித் தந்த கொடி,
இன்னும் பச்சை பிடிக்காத, சிவந்து தொங்கும் தளிர்.
நான்காம் வரிசை, ஏழாம் குழி.
நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன்,
எடுத்தேன், துடைத்தேன், மறுபடி வைத்தேன்.
ஒன்றுகூட அசையவில்லை.
ஒத்திலியா கீழே ஓடிப்போய்
எல்லோருக்கும் வறுத்த மரவள்ளி வாங்கி வந்தாள்.
நான் அவனுக்குப் போன் செய்தேன்.
இரைச்சலுக்கு நடுவே "எந்தக் கொடி?" என்பது மட்டும் கேட்டது.

மழைக்குப் பின் போனோம்.
அதே கொடி, அவன் கட்டிய அதே நீல நாடா.
பதினோரு கிலோ.
அரைத்தேன். நீந்தின.
கரைப்பானை மாற்றினோம், நீந்தின.
விடியலில் பறித்தோம், உச்சியில் பறித்தோம்,
கோடைக்குக் காத்திருந்து பறித்தோம்.
ஒத்திலியா என்னைப் பார்க்காமல் கேட்டாள்:
"அன்றைக்குக் குழாய்களைச் சரியாகக் கழுவினாயா?"

அன்றிரவு 618-இன் உலர்ந்த மாதிரித் தாளை எடுத்து
விளக்கின்கீழ் வைத்தேன்.
தளிரின் ஓரத்தில் பிறைபோல ஒரு கடி.
அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும்.
பையின் மூலையில் கடுகு அளவில் கரிய எச்சம்.

கடித்தால்தான் சுரக்குமா?
இல்லை, கடித்த வாயின் எச்சிலில் இருந்ததா?
அந்தக் காயத்தின் வழியே குடியேறிய ஏதோ பூஞ்சையா?
கத்தரிக்கோலால் வெட்டிப் பார்த்தோம்,
குண்டூசியால் குத்திப் பார்த்தோம்,
உப்புத்தாளால்கூடத் தேய்த்தோம்.
பல்லுக்கும் இரும்புக்கும் வித்தியாசம் தெரிந்த கொடி.
ஏமாறவில்லை.

இதற்கிடையில் தாள்கள் வந்தன.
மருந்து என்று ஒன்று வந்தால், விற்றால், லாபம் நின்றால்,
ஊர்ச் சபைக்கு இத்தனை சதவீதம்.
தியோமெதெஸ் நிதானமாகப் படித்தான்.
"இதில் மூன்று 'ஆல்' இருக்கிறதே" என்றான்.
எத்தனை வருடம் ஆகும் என்றான்.
நன்றாகப் போனால் பதினைந்து.
காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.
"இது அதுவரைக்கும் நிற்காது, யாரிசெல்."

மீதி ஒன்பது ஊசிக்கும் நான் கூடப் போனேன்.
அவன் பற்களைக் கடித்துக்கொண்டு
சுவரில் இருந்த ஈயையே பார்த்தான்.
மருந்து ஏறுகிறபோது வாயில் இரும்பு ருசிக்குமாம்.

இப்போது அவனுக்கு நாள்கூலி தருகிறோம்,
கொடியடியில் உட்கார்ந்திருக்க.
எது வந்து தின்கிறது என்று பார்க்க.
வேலை என்னவென்று சொல்ல வெட்கமாக இருக்கிறதாம்,
மீன் பிடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வருகிறானாம்.

நேற்று யவீசா பேருந்தில் ஒரு பை வந்தது.
பாதி வழியில் பாலம் மூழ்கி, இரண்டு நாள் தாமதம்.
உள்ளே நடுநரம்புகள் மட்டும், மீன்முள்போல.
அவற்றின்மேல் என் சுண்டுவிரல் பருமனில்,
மஞ்சள் கோடு போட்ட,
திருப்தியான ஒரு புழு.

ஒத்திலியா குனிந்து பார்த்தாள். நானும்.
"எதை அரைப்பாய்?" என்றாள்.

அது தலையைத் தூக்கி
இன்னும் இலை இருக்கிறதா என்று
காற்றில் இங்கும் அங்கும் தேடியது.